மருந்தேட்டில் குன்றக் கூறல்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்த நன்னூலார், அவற்றுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். சொல்லப் புகுந்த பொருளை முழுமையாகச் சொல்லாது குறைபடச் சொல்லுதலே அது. இதனை மாணவர்க்கு விளக்குங்கால் நாம் பெரும்பாலும் ஒரு கட்டுரையையோ, செய்யுளுக்கு எழுதிய உரையையோ எடுத்துக்காட்டி அமைகின்றோம். கட்டுரை குன்றினால் மதிப்பெண் குறையும்; அவ்வளவே. ஆனால் குன்றக் கூறிய ஒரு வரையறையால் மனிதர் மருந்தை இழப்பதும் உண்டு. அத்தகைய ஏடுகள் சிலவற்றைத் தமிழாசிரியரின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் வேலை.

ஏடுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவை. பொருள், எச்.ஐ.வி. என்னும் கிருமி உடலில் குடிகொள்ளாதவாறு முன்னதாகவே காக்கும் மருந்து. அம்மருந்தைப் பெற வேண்டிய அளவுக்குப் பெறாதவர்கள் அந்நாட்டுக் கறுப்பினப் பெண்கள்.

மருந்தின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும். இது நோய் தீர்க்கும் மருந்தன்று. அம்மை குத்துவது போன்ற தடுப்பூசியும் அன்று. எம்ட்ரிசிட்டபின், டெனோஃபோவிர் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரை. கிருமி நம் உயிரணுவுக்குள் நுழைந்து தன்னைப் படியெடுக்க முயலும்போது, அப்படியெடுப்பு முற்றுப்பெறாதபடி தடுத்துவிடுகின்றது. ஆகவே நோயில்லாதவர், நோய் வருமுன்னரே, நாள்தோறும் உண்ண வேண்டும். டுருவாடா என்னும் வணிகப் பெயர் கொண்ட இம்மாத்திரையை முன்காப்புக்காக வழங்க அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2012 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. இரண்டு திங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி 2021-இலும், ஆறு திங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி 2025-இலும் ஒப்புதல் பெற்றன. ஆங்கிலத்தில் இவ்வகை மருந்துகளைச் சுருக்கமாகப் 'பிரெப்' என்பர். நாம் முன்காப்பு மருந்து என்றே சொல்லலாம்.

இனிக் கணக்கு. அமெரிக்கப் பெண்களுள் கறுப்பினத்தவர் 100-க்கு ஏறத்தாழ 13 பேர். ஆனால் ஆண்டுதோறும் எச்.ஐ.வி. உள்ளதாகப் புதிதாகக் கண்டறியப்படும் பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்களே. முன்காப்பு மருந்தால் பயன்பெறத் தக்கவர் இத்தனை பேர் என மதிப்பிட்டு, அவர்களுள் எத்தனை பேருக்கு மருந்து எழுதித் தரப்பட்டது என அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நடுவம் பார்த்தது. 2022-ஆம் ஆண்டில் வெள்ளையருள் 100-க்கு 94, கறுப்பினத்தாருள் 13. ஆண்களுள் 41; பெண்களுள் 15. இனத்தால் பிரித்தாலும் பாலால் பிரித்தாலும் கடைசி வரிசையில் நிற்பவள் கறுப்பினப் பெண்.

காரணம் கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கின்றது. அவர்களுக்கு அறியாமை என்பர்; மருத்துவரிடம் நம்பிக்கை இல்லை என்பர்; மாத்திரையை ஒழுங்காக உண்ணமாட்டார்கள் என்பர். மருத்துவ இதழ்களில் 'எட்டுதற்கரியவர்' என்றொரு அடைமொழியும் இத்தகையோர்க்கு வழங்குகின்றது. இத்தொடரைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். எட்டுதல் ஒரு வினை. அவ்வினைக்கு எழுவாய் யார்? எட்டச் சென்றவர் எவர், எப்போது சென்றார், எவ்வளவு தொலைவு நடந்தார் என்பன யாவும் மறைந்து, எட்டப்படாதவளின் இயல்பு போல அக்குறை அவள்மீது ஒட்டிக்கொள்கின்றது. எழுவாயை விழுங்கிய தொடர் இது. ஏடுகளுக்குள் புகுந்து பார்த்தால், குறை பெண்ணிடம் இருந்ததைவிட எழுதுகோலிடமே மிகுதியாக இருந்தது என்பது என் துணிபு.

முதல் ஏடு, இம்மருந்து பிறக்கும் முன்னரே எழுதப்பட்டது. எய்ட்ஸ் நோய் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூனில் வெளிவந்தபோது, அது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆண்கள் ஐவரைப் பற்றியதாக இருந்தது. பின்னர் நோய்க் கட்டுப்பாட்டு நடுவம், இன்னின்ன நோய்கள் சேர்ந்து வந்தவரே எய்ட்ஸ் நோயாளர் என ஒரு பட்டியலை வகுத்தது. அதில் இடம்பெற்றவை பெரும்பாலும் ஆண்களிடத்துக் கண்டறிந்தவை. கிருமியால் உடல் நலிந்த பெண்களைத் தாக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நோயால் வருந்தியவள் எய்ட்ஸ் நோயாளியாகக் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாதவளுக்கு அரசு தரும் ஊனமுற்றோர் உதவித்தொகையும் எளிதில் கிட்டவில்லை. அந்நோயால் மாண்ட பெண், ஏட்டின்படி அந்நோயால் மாளவில்லை.

காத்ரீனா ஹாஸ்லிப் என்னும் கறுப்பினப் பெண்மணியின் பெயரை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் சிறையில் இருந்த காலத்தில் சட்டம் பயின்று உடனிருந்த கைதிகளுக்கு உதவியவர். எய்ட்ஸ் பற்றிய அறிவுரைக் குழுவை அங்கு நடத்தியவர்களுள் ஒருவர். விடுதலை பெற்றபின், வரையறையை மாற்றுமாறு கேட்டு 1990-இல் வாஷிங்டனில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பங்கேற்றார். புதிய வரையறை 1993 ஜனவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அதில் சேர்க்கப்பட்டது. ஹாஸ்லிப் 1992 டிசம்பரில் இறந்துவிட்டார். ஒரு பட்டியலில் ஒரு வரி சேர்வதற்கு நோய் அறியப்பட்டதிலிருந்து பதினோராண்டுக்கு மேல் ஆயிற்று.

இவ்வரலாறு தெரிந்தவர்கள் அடுத்த ஏட்டை எழுதும்போது விழிப்பாக இருந்திருப்பர் என நாம் எண்ணுவோம். 2014-இல் அதே நடுவம், முன்காப்பு மருந்தை யார் யாருக்கு எழுதித் தரலாம் என மருத்துவர்க்கு வழிகாட்டும் விரிவான ஏடு ஒன்றை வெளியிட்டது. ஆணோடு உறவு கொள்ளும் பெண்ணைப் பொறுத்தவரை, அவளுக்குத் துணைவர் பலர் உண்டா, அவள் உடலை விற்றுப் பிழைப்பவளா, அவளுடைய துணைவன் போதை ஊசி போடுபவனா, ஆண்களோடும் உறவுடையவனா என்பன போன்றவற்றை மருத்துவர் நோக்க வேண்டும். கேட்பதற்கு ஒழுங்கான வினாக்களாகவே தோன்றும். ஆனால் இவற்றுள் சில, பெண் தன் துணைவனைப் பற்றி எல்லாம் அறிந்திருக்கிறாள் என்னும் அடித்தளத்தின்மீது நிற்கின்றன. துணைவன் மறைத்ததை அவள் எவ்வாறு சொல்வாள்? அறிந்த பெண்ணுக்கு மருந்து. அறியாத பெண்ணுக்கு மருந்தில்லை. இடரோ அறியாதவளுக்கே மிகுதி!

இன்னொன்றும் உண்டு. ஓர் ஊரில் மருத்துவம் பெறாத எச்.ஐ.வி. நோயாளர் மிகுதியாக இருந்தால், அவ்வூரில் ஒரே துணைவனோடு வாழும் பெண்ணுக்கும் இடர் மிகுதி. நோயாளர் குறைந்த ஊரில் துணைவர் பலர் உடையவளுக்கும் இடர் குறைவாகவே இருக்கக்கூடும். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் தென்மாநிலங்களில்தான் அந்நாட்டின் புதிய நோயாளருள் பாதிப்பேர் காணப்படுகின்றனர். ஆகவே இடர் என்பது பெண்ணின் நடத்தையில் மட்டும் இல்லை. அவள் வாழும் இடத்திலும் இருக்கின்றது. ஏடோ பெரும்பாலும் நடத்தையையே எண்ணியது. வினாத்தாளிலேயே வினா பிழைபட்டிருக்க, விடைத்தாளைத் திருத்தி என்ன பயன்?

இக்குற்றம் திருத்தப்பட்டதையும் சொல்வது நேர்மை. 2021 டிசம்பரில் வந்த புதிய பதிப்பு, உடலுறவு வாழ்க்கையுடைய வயது வந்தோர், இளையோர் அனைவர்க்கும் இம்மருந்தைப் பற்றி மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும் என்றது. எவரேனும் தாமே கேட்டால், காரணம் சொல்லாவிடினும் தரலாம் என்றது. நல்ல திருத்தம். துணைவனைப் பற்றி ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாத செய்திகள் உண்டு என்பதை ஓர் அரசாங்க ஏடு ஒப்புக்கொண்டது சிறிய செயலன்று.

இவ்விரு பதிப்புகளுக்கும் இடையே வந்த மூன்றாம் ஏட்டைத்தான் நான் மிகக் கருத்தாகப் படித்தேன். டெஸ்கோவி என்னும் புதிய மாத்திரைக்கு உணவு மருந்து ஆணையம் 2019 அக்டோபரில் முன்காப்பு ஒப்புதல் அளித்தது. அவ்வொப்புதலில் ஒரு விலக்கு வாக்கியம் உண்டு: யோனி வழி உறவினால் கிருமி தொற்றும் இடர் உடையோர்க்கு இது உரியதன்று, அவர்களிடத்து இதன் பயன் ஆராயப்படவில்லை. இத்தகைய சொற்களை ஓர் ஆசிரியர் நாளேட்டில் எழுதலாமோ என நெற்றியைச் சுருக்கும் அன்பர்கள் இருப்பர். அந்த நெற்றிச் சுருக்கமே மருத்துவர் அறையிலும் பெண்ணின் வாயை அடைக்கின்றது என்பதால் எழுதுகின்றேன்.

வாக்கியத்தைக் குறை சொல்ல இயலாது. ஆராயாததை ஆராயவில்லை என்று சொல்கின்றது, மிகைபடக் கூறவில்லை. குற்றம் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. மருந்தைச் சோதித்த ஆய்வில் 5,387 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்கள் ஆண்களும், ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழும் திருநங்கையரும் ஆவர். பெண்ணாய்ப் பிறந்தவர் ஒருவரும் இல்லை. 2019 ஆகஸ்டில் ஆணையத்தின் ஆலோசனைக் குழு கூடியபோது, ஆண்களுக்கும் திருநங்கையர்க்கும் ஒப்புதல் தரலாம் என 16 பேர் வாக்களித்தனர்; வேண்டாம் என்றோர் இருவரே. ஆண்களிடம் பெற்ற முடிவைப் பெண்களுக்கும் நீட்டிக்கொள்ளலாமா என்ற வினாவுக்கு 8 பேர் ஆம் என்றும் 10 பேர் அன்று என்றும் வாக்களித்தனர். பெண்களைச் சேர்க்காமல் ஆய்வு நடத்திவிட்டுப் பின்னர் பெண்களுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்டதை அப்பத்துப் பேர் ஏற்கவில்லை. அவர்கள் செய்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் அச்சரியான தீர்ப்பின் சுமையும் பெண்ணின் தலையிலேயே விழுந்தது. பழைய மாத்திரையாகிய டுருவாடா பெண்களுக்கு உரியதாகவே இருந்தது. எனினும் பெண்களுக்கு அன்று என்னும் விலக்கைப் புதிய மாத்திரையின் ஏட்டில் படிக்கும் மருத்துவர், முன்காப்பு மருந்தே பெண்களுக்கு உரியதன்று என மயங்கக்கூடும். குன்றக் கூறல் இவ்வாறுதான் மயங்க வைத்தல் என்னும் மற்றொரு குற்றத்தையும் ஈன்றுவிடுகின்றது.

நிற்க. பெண்கள் மாத்திரையை ஒழுங்காக உண்ணமாட்டார்கள் என்னும் பழி எங்கிருந்து பிறந்தது? அது அமெரிக்காவில் பிறந்ததன்று. பெண்களுக்கான முன்காப்பு மருந்துச் சான்றுகளின் பெரும்பகுதி ஆப்பிரிக்கப் பெண்களிடமிருந்து திரட்டப்பட்டது. கடல் கடந்த கறுப்பினப் பெண்களைப் பற்றிய பேச்சிலும் அதுவே எடுத்தாளப்படுகின்றது. அவ்வாய்வுகளுள் பெரியது, 'குரல்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் தாங்கியது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் பங்குபெற்றனர். மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டதாக அவர்கள் சொன்னதும், திருப்பித் தந்த மாத்திரைகளின் எண்ணிக்கையும் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஒழுங்கைக் காட்டின. குருதியைச் சோதித்தபோதோ, கூட்டு மாத்திரை பெற்றோரின் குருதி மாதிரிகளுள் 100-க்கு 29-இல் மட்டுமே மருந்து காணப்பட்டது. ஆகவே ஆய்வு தோற்றது. பெண்கள் பொய் சொன்னார்கள் என்பதோடு பலர் ஏட்டை மூடிவிட்டனர்.

தோட்டப் பள்ளியில் வருகைப் பதிவேடு வைத்திருப்பவர்க்கு இந்த இடம் நன்கு விளங்கும். பிள்ளை வரவில்லை என்று சிவப்பு மையால் குறிப்பது எளிது. ஏன் வரவில்லை என்று லயத்துக்கு நடந்து சென்று கேட்டவருக்கே, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதோ, காலையில் லாரி வரவில்லை என்பதோ தெரியவரும்.

அவ்வாய்வாளர்களும் பின்னர் நடந்து சென்றனர். குருதிச் சோதனையின் முடிவைப் பெண்களிடமே காட்டிக் காரணம் கேட்டனர். அப்போது உண்மை வெளிவந்தது. எச்.ஐ.வி. நோயாளர் உண்ணும் மருந்தை நான் உண்பதைக் கண்டால் எனக்கும் நோய் என்றே ஊரார் பேசுவர் என்ற அச்சம். நல்ல உடம்புக்கு நாள்தோறும் மருந்து கேடு செய்யுமோ என்ற ஐயம். துணைவனும் தோழியரும் சொன்ன சொற்கள். இவற்றுள் எதுவும் அறிவீனம் அன்று. வேறோர் ஆய்வை இதனோடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். கென்யாவிலும் உகாண்டாவிலும், கணவன் மனைவியருள் ஒருவர்க்கு நோய் உண்டென்று இருவரும் அறிந்த இணையர்களிடையே இதே மாத்திரையைத் தந்தபோது நோய்த்தொற்று 100-க்கு 75 அளவு குறைந்தது. பெண்களும் நன்கு காக்கப்பட்டனர். அந்தப் பெண்ணுக்கு இடர் எங்கிருக்கிறது என்பது தெரியும். வீட்டில் மாத்திரையை ஒளிக்க வேண்டியதும் இல்லை. மாத்திரை ஒன்றே, சூழல் வேறு. 'குரல்' என்று பெயரிட்ட ஆய்வு, குருதிச் சோதனையின் முடிவைக் காட்டிப் பெண்களின் குரலைக் கேட்டது ஆய்வு முடிந்த பிறகே என்பதைக் குறிக்காமல் இருக்க முடியவில்லை.

மருத்துவரிடம் நம்பிக்கையின்மை என்னும் மற்றொரு பழியை நான் நீளமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்து தராமல் அரசு மருத்துவரே வேடிக்கை பார்த்தனர். அதே மாநிலத்தில் 1840-களில் மேரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் அடிமைப் பெண்களை மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுத்துப் பயின்றார். அவருடைய சிலை நியூயார்க் பூங்காவிலிருந்து 2018-இல்தான் அகற்றப்பட்டது. இவற்றை நினைவில் வைத்திருப்பவளை ஐயக்காரி என்பது, தீச்சுட்ட கையை அடுப்பிலிருந்து விலக்குபவளைக் கோழை என்பதற்கு ஒப்பாகும்.

குறைகளை மட்டுமே எழுதினால் என் கட்டுரையும் குன்றக் கூறியதாகிவிடும். அட்லாண்டாவில் டேசன் டிக்சன் டியாலோ 1989-இல் தொடங்கிய 'சிஸ்டர்லவ்' என்னும் அமைப்பு, கறுப்பினப் பெண்களிடையே அவர்தம் மொழியிலேயே இந்நோயைப் பற்றிப் பேசி வருகின்றது. வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழி கண்டனர். கறுப்பினப் பெண்கள் மணிக்கணக்கில் அமர்ந்து மனம்விட்டுப் பேசும் இடம் மருத்துவமனையன்று, சிகையலங்காரக் கடை. ஆகவே சிகை அலங்கரிப்பவர்க்குப் பயிற்சி தந்து, முன்காப்பு மருந்தைப் பற்றி அங்கே பேச்செழ வழிசெய்தனர். அம்முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயரில், முடி சிதையாமல் காக்கும் பின்னல் வகைக்குக் கறுப்பினப் பெண்கள் வழங்கும் சொல்லையே நோய்க்காப்புக்கும் ஆக்கிக்கொண்டனர். பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்! அச்சுறுத்தும் சொல் ஒன்றும் அதில் இல்லை; கேட்பவளின் வீட்டுச் சொல்லாகவே இருக்கின்றது.

பேச்சு எழுந்தபின் பணம் வேண்டும். 2019-இல் நோய்த்தடுப்புச் செயற்குழு இம்மருந்துக்கு மிக உயர்ந்த தரத்தை அளித்ததால், பெரும்பாலான தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 முதல் நோயாளரிடம் பங்குப்பணம் கேளாமல் இதனைத் தர வேண்டியதாயிற்று. அவ்விதி 2025 ஜூனில் உச்சநீதிமன்றத்திலும் நிலைத்தது. காப்பீடே இல்லாதவளுக்கு அதனால் என்ன? ஏழையர்க்குரிய அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி முதலிய மாநிலங்கள் 2025-இலும் முன்வரவில்லை. அம்மாநிலங்கள் எந்தத் திசையில் உள்ளன என்பதை வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அண்மைச் செய்தி. லெனகாபவிர் என்னும் ஆறு திங்கள் ஊசியை ஆராய்ந்தவர்கள், இம்முறை பெண்களிடமிருந்தே தொடங்கினர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள 5,338 பெண்கள் பங்குபெற்றனர். இடையில் கருவுற்றவரை வெளியேற்றாமல், விரும்பினால் தொடரலாம் என்றனர். 2024-இல் முடிவு வந்தது. ஊசி பெற்ற 2,134 பேருள் ஒருவர்க்கும் கிருமி தொற்றவில்லை. டுருவாடா பெற்ற 1,068 பேருள் 16 பேருக்கும், டெஸ்கோவி பெற்ற 2,136 பேருள் 39 பேருக்கும் தொற்றியது. டெஸ்கோவியைப் பற்றி 2019-இல் விடையின்றி நின்ற வினாவும் இதே ஆய்வில் பெண்களிடத்துக் கேட்கப்பட்டுவிட்டது. நாள்தோறும் மாத்திரை உண்டவர் இம்முறையும் குறைவே. ஆனால் பெண்களைக் கடிந்துகொள்வதற்கு மாறாக மருந்தின் வடிவத்தை மாற்றினர்; ஆண்டுக்கு இருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியைத் தலையணைக்கடியில் ஒளிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அவ்வூசியின் பட்டியல் விலை 2025-இல் ஆண்டொன்றுக்கு 28,218 டாலராக இருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ ஆகிய இரு நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்கு இதனை 120 நாடுகளுக்கு வழங்கும் என 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இல்லை. ஆகவே மிசிசிப்பிப் பெண்ணுக்கு அவ்விலை கிட்டாது.

ஆப்பிரிக்கப் பெண்ணின் நிலை என்ன? 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு அயல்நாட்டு உதவிகளை நிறுத்தியபோது, எச்.ஐ.வி. பணிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு அளித்தது. பிப்ரவரியில் அவ்விலக்கை விளக்கி வந்த ஏட்டில், முன்காப்பு மருந்து கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் பெண்களுக்கும் மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. நவம்பரில் லெனகாபவிர் ஊசியின் முதல் தவணை எசுவாத்தினிக்கும் சாம்பியாவுக்கும் சென்றது. அமெரிக்கத் திட்டத்தில் முதலிடம் மீண்டும் அவ்விரு வகையார்க்கே. தாயிடமிருந்து சேய்க்கு நோய் செல்லாமல் காப்பது நற்செயல் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் ஊசியின் பயனைத் தம் உடலால் மெய்ப்பித்துத் தந்த அந்த 5,338 பேர், தாயர் என்பதற்காக அழைக்கப்பட்டவர் அல்லர். இளம்பெண்கள் என்பதற்காக அழைக்கப்பட்டவர்கள். அவர்தம் தங்கை ஒருத்தி இன்று அவ்வூசியைக் கேட்டு வந்தால், அந்த ஏட்டின்படி அவள் கருவுற்ற பின்னரே வரிசையின் முன்னே வர முடியும்.